ஸ்ரீமுஷ்ணத்து மருந்துக் கடை

விருத்தாசலத்தில் இத்தனை மருந்துக் கடை இருந்தும், பீங்கான் சூளைக்காரர் தெய்வசிகாமணி ஆண்மைக்குறைவு மாத்திரை வாங்க ஸ்ரீமுஷ்ணத்துக்கு பஸ் ஏறினார். உள்ளூரில் வாங்கினால் தெரு பேசுமாம்; இதுவரை பேசாத மாதிரி!

"நெஞ்சுவலிக்கு மாத்திரை எதனா எடுக்கிறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நான் கேட்டது நெஞ்சுக்கா? என்னா கேள்விங்க இது!"

எகிறிய வேகத்தில், நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரைக் குப்பி சட்டைப் பையிலிருந்து மேசையில் உருண்டது. கடைக்காரர் கொடுக்க எடுத்திருந்த மாத்திரை அட்டையை உள்ளே வைத்துவிட்டார்.

"ரெண்டும் சேந்தா பிரஷர் சடார்னு எறங்கி உசுரே போயிடும். உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க, வேற வழி சொல்லுவாரு."

"அந்த ஆஸ்பத்திரியில டோக்கன் சீட்டு எழுதுறதே எம் மச்சான் பொண்ணுதாங்க!"

வழியெல்லாம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தவர், ஊர் வந்ததும் வீட்டுக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. முறைத்த முகத்தோடு டாக்டர் வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார்.