அச்சுவுக்கு ஊசி போடாதே

வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தான் அறுந்து விழுந்ததால்தான் அந்தப் புதன்கிழமை காலை ஊசி டப்பாவைத் திறந்தேன். மூடியின் உட்புறம் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு இருக்கும். வண்ணத் தலை வைத்த குண்டூசிகளை அதில் நிறவாரியாகக் குத்தி வைத்திருப்பேன். சிவப்பு மூன்று, நீலம் மூன்று, வெள்ளை மூன்று, மஞ்சள் மூன்று. அன்று மஞ்சளில் இரண்டுதான் இருந்தன.

எண்ணுவதுதான் என் பிழைப்பு. பதினான்கு வருஷமாக மருந்துக்கடையில் மாத்திரைகளை ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணிக் கொடுக்கிறேன், ஒருமுறைகூடக் குறைந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. மழை பெய்தால் துளியை எண்ணிவிட்டுத்தான் இவள் குடையை விரிப்பாள் என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார். சோபாவுக்கு அடியில் பார்த்தேன். மேஜைக்குக் கீழே முழங்காலிட்டுத் தரையைத் தடவினேன். மிஞ்சிய நூல் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிசைந்து பார்த்தேன்.

"என்ன தேடறே?" என்றார் அவர், பல் துலக்கியபடி.

"பொத்தான்."

"கையிலதானே வெச்சிருக்கே."

அப்போதுதான் நினைவு வந்தது. பூட்ஸ். நான் பின்னிய கழுதைப் பொம்மையின் காலை மஞ்சள் பூட்ஸுக்குள் நுழைத்து, நகராமல் இருக்கக் குண்டூசி குத்தி, அடிப்பக்கம் வழியாகப் பஞ்சை அடைத்து, கடைசியாக அடியை மூடித் தைத்தேன். நாலு காலுக்கும் அப்படித்தான். மஞ்சள் பூட்ஸுக்கு மஞ்சள் தலை ஊசி பாந்தமாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்துக் குத்தியதுகூட ஞாபகம் இருந்தது. எடுத்தது மட்டும் ஞாபகம் இல்லை.

அச்சு என்பது தொலைக்காட்சியில் வரும் ஒரு கழுதைக்குட்டி. சாம்பல் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடங்கியிருக்கும். சேற்றில் குதிப்பதும் தும்முவதும்தான் அதன் முழுநேர வேலை. தம்பியின் மகளுக்கு மூன்று வயது. அச்சு வராத வீடியோ எதையும் அவள் பார்ப்பதில்லை என்று தம்பி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். கல்லூரி முடித்த வருஷத்தோடு நான் தொடாமல் விட்ட, நூல் பின்னும் குரோஷா ஊசியை அலமாரியின் அடித்தட்டிலிருந்து தேடி எடுத்தேன். ஆறு கண்ணியில் ஆரம்பித்து, பன்னிரண்டு, பதினெட்டு என்று சுற்றுக்குச் சுற்று கூட்டிக்கொண்டே போக வேண்டும், ஒரு கண்ணி தப்பினால் தலை கோணிவிடும். ஆறு வாரத்தில் மூன்று தலைகளைப் பிரித்துப் போட்டேன். முதல் தலையைப் பார்த்து வீட்டுக்காரர், "எலியா?" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "யானைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். நான்காவதைப் பார்த்ததும், "அட, கழுதை," என்றார்.

"இதைப் பாத்துச் சொல்றீங்களா, என்னைப் பாத்துச் சொல்றீங்களா?"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தப்பித்து ஓடினார்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் குழந்தை மட்டும் காரணம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்பு, இவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தம்பி தொலைபேசியில் சொன்னபோது, அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். குழந்தைகளுக்கு ஆடை தைக்கும் தொழிற்சாலையில் என்றான். "என்னவா?" என்றேன். "ஆரம்பத்துல பிசிறு நூல் வெட்டற வேலை, இப்போ செக்கிங்," என்றான். "படிக்க வெச்சு ஆளாக்கினது ஒரு நூல் வெட்டறவளைக் கொண்டு வந்து நிறுத்தறதுக்கா?" என்று கேட்டேன். தம்பி மிக மெதுவாக, "அக்கா, போன் ஸ்பீக்கர்ல இருக்கு," என்றான்.

அதன்பிறகு அவள் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதே இல்லை. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க. எல்லாம் உண்டு, முறை சொல்லி மட்டும் கூப்பிடமாட்டாள். என் கணவரை அண்ணா என்பாள். எதிர்வீட்டுப் பெண்மணியை அக்கா என்பாள். எனக்கு வெறும் 'ங்க'. வாங்க, போங்க, இருங்க. அந்த இரண்டெழுத்தோடு நாலு வருஷம் ஓட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த வாக்கியத்தை மறுபடியும் எடுத்து நடுவில் வைக்க வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அச்சுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை இரண்டு நொடி அசையாமல் நின்றது. பிறகு, "அச்சு வீட்டுக்கு வந்துட்டான்," என்று ஏதோ நெடுநாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்ததுபோல் அடங்கிய குரலில் சொல்லி, வாங்கி மார்போடு வைத்துக்கொண்டது. தம்பி மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "குடுடா கண்ணா, அம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தரேன்," என்று பொம்மையை வாங்கி உள்ளறைக்குள் போனாள். வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் தம்பி எனக்கும் தனக்கும் டீ கலந்து கொண்டுவந்திருந்தான். அவள் திரும்பி வந்து குழந்தையிடம் அச்சுவைக் கொடுத்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து, "டீ ஆறுது அண்ணி," என்றாள்.

அண்ணி.

அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. தொழிற்சாலையைப் பற்றி ஏதோ சொன்னாள். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை அந்த வரிசையே ஓடாதாம். கிடைத்ததை ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டித் தேதி எழுதுவார்களாம், யாருடைய மெஷினோ அவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அப்படியா," என்றேன். ஆறு வார வேலைக்கு அந்த ஒரு சொல் கிடைத்துவிட்டது என்ற பூரிப்பில் இருந்தேன்.

அந்தச் சொல்லைத்தான் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, தரையில் முழங்காலிட்டபடி, இழக்கப் பார்த்தேன். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்து, பொம்மையைக் குழந்தையிடமிருந்து வாங்கி வை, உள்ளே குண்டூசி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பத்து நொடி வேலை. பொத்தானைத் தைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் அன்று பிள்ளைகளுக்கான மருந்தாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு தாய்க்குச் சளி மருந்து எடுத்துக் கொடுத்து, "மூடியை நல்லா அடைச்சுக் குழந்தை கைக்கு எட்டாத இடத்துல வைங்க," என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் முகம் சூடாகியிருந்தது. பதினோரு மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அச்சு எப்படி இருக்கான்?" என்றேன்.

"கழுதையைக் கீழ வெக்க மாட்டேங்கறா அக்கா. பூட்ஸை வாயில வெச்சுக்கிட்டுதான் தூங்கறா. எங்களுக்குத்தான் தூக்கம் போச்சு."

சொல்லிவிட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. "அந்தக் காது கொஞ்சம் லூஸா இருந்த மாதிரி இருந்துச்சு," என்றேன். "சாயந்திரம் வந்து எடுத்துட்டுப் போய்த் தெச்சுத் தரேன். அதுவரைக்கும் அவகிட்ட குடுக்காம இருந்தா நல்லது."

"காதுதானே? பிஞ்சா பியட்டும். கழுதைக்குக் காது நிறைய இருக்கு," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அரைநாள் விடுப்புக் கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று முதலாளியம்மா விசாரிப்பார். ஆறு மணி வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாடி ஏறித் தம்பி வீட்டுக் கதவைத் தட்டியபோது அவளே திறந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், சட்டைக்கையில் நீலப் பிசிறு நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. குழந்தை தரையில் உட்கார்ந்து அச்சுவைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தது. உடம்பில் கீறல் எதுவும் இல்லை. கை, வாய், கன்னம் எல்லாம் பார்த்தேன்.

"காதுன்னு அவர் சொன்னாரு," என்றாள். குனிந்து, மடங்கிய காதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். தொழிற்சாலையில் பொத்தானை அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார்களோ என்னவோ. காது அசையவில்லை. "நல்லாத்தானே இருக்கு அண்ணி."

"இல்லம்மா, உள்பக்கம் முடிச்சு சரியில்ல."

என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. யாரோ வருவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் பார்வை. "வேற ஏதாச்சுமா?" என்றாள்.

"காதுதான்," என்றேன்.

அவள் குழந்தைக்கு முன் உட்கார்ந்தாள். "அச்சுவுக்கு ஜுரமாம் கண்ணா. அத்தை மருந்துக்கடைதானே, மருந்து குடுத்து நாளைக்குக் கூட்டிட்டு வந்துடுவாங்க."

குழந்தை யோசித்தது. அச்சுவின் மூக்கில் முத்தம் கொடுத்து என் கையில் வைத்தது. வைத்த பிறகும் ஒரு பூட்ஸை விடாமல் பிடித்துக்கொண்டு, "அத்தை, அச்சுவுக்கு ஊசி போடாதே," என்றது.

அவள் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து நாலு பூட்ஸையும் தடவினேன். எதுவும் இழுக்கவில்லை. விரலால் அமுக்கிப் பார்த்தேன், பஞ்சுதான். வயிறு, தலை, வால் எங்கும் இல்லை. அப்படியானால் ஊசி எங்கோ வீட்டில்தான் விழுந்திருக்கிறது, நான் பயந்ததெல்லாம் வீண் என்று நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தபோதுதான் இடது முன்னங்காலின் அடியைத் திருப்பினேன்.

அந்தத் தையல் என்னுடையது இல்லை. நான் கம்பளி நூலால் பெரிது பெரிதாக மூடித் தைத்திருந்தேன். இங்கே மெல்லிய தையல் நூல், அதே மஞ்சள் இல்லை, ஒரு சாயல் வெளிறியது. எள் அளவு தையல்கள், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லாமல், இரட்டையாகப் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. என் தையலை ஒரு பக்கம் மட்டும் பிரித்து, வேண்டியதை எடுத்துவிட்டு, திரும்ப மூடியிருந்த கை.

வீட்டுக்காரர் வந்து, "என்ன, பேஷண்ட் பொழைச்சாச்சா?" என்றார். நான் அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பிறகுதான் எதிரே வந்து உட்கார்ந்து அண்ணி என்றாள். பொம்மைக்காகச் சொன்னாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொம்மைக்குள் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். உடைந்த ஊசிக் கதையையும் அதனால்தான் சொல்லியிருக்கிறாள். நான் "அப்படியா," என்றேன். இன்று இரண்டாம் முறையாக, வேற ஏதாச்சுமா என்று நேராகவே கேட்டாள். காதுதான் என்றேன்.

மறுநாள் மதியம் விடுப்புக் கேட்டேன். முதலாளியம்மா ஏன் என்று கேட்கவே இல்லை. தம்பி மனைவிக்கு அந்த வாரம் வியாழன் ஓய்வு நாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படிச் சொன்னாலும் 'தெரியாமல்' என்ற சொல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

கதவு திறந்ததும் குழந்தை ஓடி வந்து அச்சுவைப் பிடுங்கிக்கொண்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. நாலு காலையும் பரிசோதித்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஊசி போட்டியா அத்தை?" என்றது.

துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"போட்டுட்டேன்மா," என்றேன். "அத்தைதான் போட்டேன். உங்கம்மாதான் எடுத்தாங்க."

"அழுதானா?"

"அழல."

குழந்தைக்குத் திருப்தி. அச்சுவோடு ஜன்னல் பக்கம் போய்விட்டது. "அவர்கிட்ட சொல்லல," என்றாள் அவள், மடிப்பை நீவியபடி. "சொன்னா கலாட்டா பண்ணுவாரு. விடுங்க அண்ணி, யாருக்கும் நடக்கறதுதான்."

அங்கேயே விட்டிருக்கலாம். ஊசியை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாதது ஒன்று என்னிடம் இருந்தது, நான் சொல்லாவிட்டால் ஒருநாளும் தெரியப் போவதில்லை.

"நேத்துக் காலையில ஏழு மணிக்கே எனக்குத் தெரியும்," என்றேன். "ஊசி குறையுதுன்னு. உள்ளதான் இருக்கும்னு. பூட்ஸை வாயில வெச்சுக்கறான்னு தம்பி போன்ல சொன்னான். அப்பவும் சொல்லல. நீ என்ன நினைப்பியோன்னு சாயந்திரம் வரைக்கும் இருந்துட்டேன்."

"ஏழு மணிக்கேவா?" என்றாள்.

"ஏழு மணிக்கே."

அவள் கண் ஒருமுறை குழந்தையிடம் போய்த் திரும்பியது. மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம், மூடும் சத்தம். நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் விரித்து வைத்தாள். நடுவில் டேப் ஒட்டி, அதற்கு அடியில் மஞ்சள் தலைக் குண்டூசி. பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி, சிறிய, நேரான எழுத்தில். தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தது.

"வேலைப் பழக்கம்," என்றாள் அவள். வேறெதுவும் சொல்லாமல் சமையலறைக்குள் போனாள்.

குழந்தை வந்து என் மடியில் ஏறிக்கொண்டது. டேப்புக்கு அடியில் ஊசித் தலை ஒரு சின்ன மேடாக எழும்பியிருந்தது. அதை ஆள்காட்டி விரலால் தொட்டது. கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, கோட்டின் மேல் என் பெயரை முழுதாக எழுதினேன். உள்ளே டம்ளர் ஒன்றை மேடைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று என்று மனம் தானாக எண்ணி, இரண்டாவதுக்காகக் காத்திருந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. குழந்தையின் விரல் அந்த மஞ்சள் மேட்டின் மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.