மெமரித் துண்டு

தொழிலாளர் ஆபீஸ் அம்மா அந்தப் பச்சைத் துண்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூன்று மடிப்புத் துணியில் சுற்றி, எட்டு மாதமாக அரிசி டின்னுக்குள் நான் பாதுகாத்த துண்டு.

"ஐயா, இது கம்ப்யூட்டரோட ரேம். இதுல எதுவும் இருக்காதே."

"மெமரிங்கம்மா. எல்லாம் இதுலதான் இருக்கு."

"மெமரிதான். ஆனா கரன்ட் இருக்கிற வரைக்கும்தான் இதுக்கு ஞாபகம். அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும். நீங்க எழுதினது, போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கும். இதை யாரு கழட்டிக் குடுத்தது?"

துண்டை வாங்கித் திரும்பவும் துணியில் சுற்றினேன்.

பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற பட்டறையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். தங்கப்பூச்சுப் பல்வரிசை உள்ள துண்டுகளை மெமரித் தொட்டியிலும், கனத்த பெட்டிகளை டிஸ்க் தொட்டியிலும் கிலோக் கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறேன். எதில் எவ்வளவு தங்கம் தேறும் என்று சொன்னார்களே தவிர, எது என்ன வேலை செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. மெமரி என்றால் ஞாபகம் என்று சொன்னவன் என் மச்சினன். நாற்பத்தேழு வயதில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். கழித்துப்போட்டதில் ஒரு கம்ப்யூட்டரைத் தேற்றி வீட்டில் வைத்து, "பேனாவை நீங்க கடப்பாரை மாதிரி பிடிக்கிறீங்க மாமா. தட்டியே பழகுங்க" என்றான். ஒற்றை விரலால் முதலில் தட்டியது அவன் அக்காவின் பெயரை.

அவள் அதே பட்டறையில் அமிலத்தில் கம்ப்யூட்டர் போர்டு கழுவியவள். மூடியில்லாத தொட்டி தெறித்து வலது கண் போயிற்று. பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தோம், அவள்தான் போடவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே கண்ணாடியே கிடையாது என்பதற்கு நான் எடுத்த போட்டோக்களும், எந்தத் தேதியில் யார்மேல் தெறித்தது என்று தட்டிவைத்த நாற்பது பக்கமும்தான் சாட்சி.

ஒருநாள் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. மச்சினன்தான் பிரித்தான்.

"போர்டு போச்சு மாமா. கவலைய விடுங்க, மெமரி நல்லா இருக்கு. விசாரணையில இதக் குடுத்தா போதும்."

என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மூடிவிட்டான். மிச்சத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த மாதம் அவன் கழுத்தில் எங்கள் பட்டறையின் சூப்பர்வைசர் அட்டை தொங்கியது. இனிப்பு வாங்கிவந்து அக்காவுக்கு ஊட்டினான். நானும் வாயைக் காட்டினேன்.

தெரியாமல் மாற்றிக் கொடுத்திருப்பானோ என்று ஆபீஸிலிருந்து திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் அவனுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். டிஸ்க்கில் துளை போடும் மெஷினில் ஆறு வருடம் நின்றவன் அவன். துளை எதற்கடா என்று ஒருமுறை கேட்டேன். "அதுங்களுக்குக் காது குத்துறோம் மாமா" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே இருப்பதை இனி யாரும் படிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துளை என்று பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

வீட்டில் அவள் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன், கையில் கண் மருந்தோடு.

"என்ன சொன்னாங்க?" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

துணியைப் பிரித்து, மருந்து மூடிக்குப் பக்கத்தில் அந்தத் துண்டை வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் விடேன்டா தம்பி. இமை வலிக்குது."

புட்டியின் நுனியில் சொட்டு திரண்டு தொங்கியது. அவள் இமையை விரலால் விரித்துப் பிடித்தபடி காத்திருந்தாள்.