தூணில் கீறல் இல்லை

நாற்பது வருடக் கட்டடம். மேலே நான்கு மாடி. கீழே வண்டிகள் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்கள். அங்கேதான் அக்கா தன் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பழைய கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று சோதிப்பது தங்கையின் வேலை.

"பாத்துக்கோடி. நீ சொன்ன மாதிரியே செஞ்சாச்சு," என்றாள் அக்கா. குடியிருப்போர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர்.

தங்கை அண்ணாந்து பார்த்தாள். பீம்கள் எல்லாம் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் சுற்றிப் பருத்திருந்தன. தூண்கள் மட்டும் பழைய ஒல்லி உடம்போடு, வர்ணம் பூசிக்கொண்டு நின்றன.

"தூணை ஏன் தொடல?"

"அதுல ஒரு கீறல்கூட இல்லையே. விரிசல் எங்கெங்க இருக்குன்னு குறிச்சு வைங்கன்னு போன வருஷம் நீதானே சொன்னே? எல்லாம் பீம்லதான் இருந்துது. மேஸ்திரி ஒண்ணு விடல."

"குறிச்சு எனக்கு அனுப்பத்தான் சொன்னேன்கா."

"மூணு தடவை போன் பண்ணேன். வேலையா இருக்கேன், வந்து பாக்கறேன்னே."

அது உண்மை.

தரை குலுங்கினால் கட்டடத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பீம் விட்டுக்கொடுத்தால் வளையும், வெடிக்கும். ஆனாலும் தளம் நிற்கும், ஆட்கள் இறங்கி ஓடலாம். தூண் விட்டுக்கொடுத்தால் மேலே இருப்பதெல்லாம் அப்படியே உட்கார்ந்துவிடும். முன்பு இங்கே பீம் முதலில் தோற்க ஒரு வாய்ப்பாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கம்பி காட்டும் கருவியைத் தூணில் வைத்து மேலே நகர்த்தினாள். நெட்டுக் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள் நாலு விரல் இடைவெளியில் வரவேண்டும். கருவி ஒருமுறை கூவியது. ஒரு முழம் தாண்டித்தான் மறுபடி கூவியது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"எல்லாரும் காலி பண்ணணும்கா. தூணுக்கெல்லாம் உறை போடற வரைக்கும்."

அக்கா சிரித்தாள். "இதச் சொன்னா என்னை இந்தத் தூண்லயே கட்டி வெச்சிடுவாங்க. ஆறு மாசம் தூசி தின்ன ஜனம்." சிரிப்பு நின்றது. "உங்க மாமாவால நாலு படி இறங்க முடியல. மூணாவது மாடிலேர்ந்து அவரை எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"என் வீட்டுக்கு வாங்க."

"நாங்க வருவோம். மத்தவங்க?"

"நான் எழுதிக் குடுக்கறேன்."

"உன் பேச்சக் கேட்டுத்தான் இவ்வளவும் செஞ்சாங்க. இப்ப அதே வாயால தப்புன்னா யாருடி நம்புவா?"

தங்கை கருவியைப் பையில் போட்டுவிட்டு, உள்ளங்கையைத் தூணில் பதித்தாள்.

"பயப்படாதே," என்று அக்கா அவள் தோளைத் தட்டினாள். "முன்னெல்லாம் லாரி போனா அலமாரில டம்ளரெல்லாம் ஆடும். இப்ப அசையறதே இல்ல. வா, மாமா காத்திட்டிருக்கார்."

அக்கா படியேறிப் போனாள். வெளியே ஒரு லாரி கடந்தது. தங்கையின் உள்ளங்கை இன்னும் தூணின் மேல்தான் இருந்தது. மேலே எதுவும் ஆடவில்லை. தூண் மட்டும் மெல்ல நடுங்கி அடங்கியது.