டிக்கெட் இல்லாத இனிப்பு

என் மாமனார் முப்பத்து நாலு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நடுவழியில் ஏறுவார், ஒரு பார்வை பார்ப்பார், ஜன்னலோரம் தூங்குவதுபோல நடிக்கிறவன் முன்னால் நேராகப் போய் நிற்பார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் பருந்து. அந்தப் பருந்தை இரண்டு மாதமாக ஒரு கண்ணாடிக் கப்பை வைத்து நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டவன் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரிதான் சொல்கிறேன்.

இதய அறுவை சிகிச்சை முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு காகிதமும் வந்தது. சர்க்கரை கூடாது, வெண்ணெய் கூடாது, க்ரீம் கூடவே கூடாது. என் மனைவி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். எண்களைத் தவிர வேறு யாரையும் நம்பாதவள். காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு மூலையும் ஒட்டி வைத்தாள். அன்றிலிருந்து அவர் காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சண்டை எல்லாம் போடவில்லை. "பசிக்கலம்மா" என்று தட்டை இரண்டு விரலால் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அதட்டினால் இன்னும் ஒரு விரற்கடை தள்ளுவார்.

சிக்கல் மாத்திரையில் இருந்தது. காலை ஆறு மணிக்கு மூன்று மாத்திரை, வயிற்றில் ஏதாவது இருந்தால்தான் போடலாம். வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றும். இரண்டு முறை குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. இன்னொரு முறை விழுந்தால் தையல் போட்ட நெஞ்சு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் என்னை? நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். மனைவி ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே காலைச் சமையலறை என் தலையில் விழுந்தது.

முதலில் ஓட்ஸ் கஞ்சி வைத்தேன். அவர் அதைப் பார்த்த மாதிரி, போஸ்டர் ஒட்டுகிற பசையைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகுதான் யோசித்தேன். ஐந்தாறு பேரீச்சம்பழத்தைச் சுடுநீரில் ஊறவைத்து, கொட்டை நீக்கி விழுதாக அரைத்தேன். ஓட்ஸை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, பாலும் தண்ணீரும் ஊற்றி வேகவிட்டேன். தோல் முழுக்கக் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போட்டேன். இனிப்பே இல்லாத கோகோத் தூள், ஒரு துளி உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள். ஆறியதும் கெட்டியாகி, கத்தி வைத்து வெட்டலாம்போல இறுகியது. மேலே நறுக்கிய பாதாம். நக்கிப் பார்த்தேன். கல்யாண வரவேற்பில் கடைசியாக ஒரு இனிப்பு கொடுப்பார்களே, வரிசையில் இரண்டாவது முறை நின்று வாங்கச் சொல்லுமே, அந்த ருசி. சத்தியமாக ஒரு பொட்டு சர்க்கரை கிடையாது.

கிண்ணத்தில் வைத்தால் தள்ளிவிடுவார் என்று கண்ணாடிக் கப்பில் வைத்துக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் எடுத்தார். நிறுத்தினார். சமையலறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சர்க்கரை போட்டிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

இல்லை மாமா, எல்லாம் பழம், உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கண்ணில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "மெதுவா பேசுங்க. உங்க மகளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

கப் காலி. மாத்திரை மூன்றும் உள்ளே. அன்றிலிருந்து நான் உள்ளே.

கைதிக்காவது ஞாயிற்றுக்கிழமை கம்பி எண்ண நேரம் கிடைக்கும். எனக்கு ஞாயிறும் கிடையாது. தினமும் ஐந்தரைக்கு எழுந்து சத்தமில்லாமல் அரைக்க வேண்டும். மிக்ஸியைப் போட்டால் மனைவி விழித்துவிடுவாள் என்பதால் கையாலேயே மசிப்பேன். கடையில் மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போகச் சொன்னார்கள், வயிறு சரியில்லை என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். முதலாளி என் வயிற்றைக் கவலையோடு பார்க்க ஆரம்பித்தார். நடுவில் பருந்துக்குச் சந்தேகம் வேறு. தன் கண் முன்னால் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடச் சொல்வார். சர்க்கரை டப்பாவில் பால் பவுடரை நிரப்பி வைத்து, பொடித்த சர்க்கரை என்று அதிலிருந்து அள்ளிப் போட்டேன். அவருக்கு அது போதவில்லை, இன்னொரு அரை ஸ்பூன் என்பார். தயங்குவதுபோல நடித்துப் போடுவேன்.

சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "ஓசியில போறவனைப் பிடிச்சே காலம் போச்சு. மாட்டுற வரைக்கும் அவனுங்க மூஞ்சியில ஒரு களை இருக்கும் மாப்பிள்ளை. அது ஏன்னு இப்பதான் புரியுது."

அவர் வாழ்க்கையில் ஒரு நாள்கூட டிக்கெட் எடுக்காமல் போனதில்லை. இதுதான் அவருடைய முதல் ஓசிப் பயணம். கீழே இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தது. எல்லாம் அந்தக் காகிதத்தின் மகிமை என்றாள் மனைவி. நானும் காகிதத்தைப் பாராட்டினேன். வேறு என்ன செய்ய?

பிடிபட்டது ஒரு புதன்கிழமை. சீக்கிரம் விழித்தவள், சர்க்கரை டப்பாவும் ஸ்பூனுமாக நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. என் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்து, குழாயைத் திறந்துவிட்டு, அவள் அப்பாவைக் கொல்ல எத்தனை நாளாகத் திட்டம் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. விரலை டப்பாவில் விட்டு வாயில் வைத்தாள். பால் பவுடர். சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அப்போ நான் வேண்டாம்னு சொல்றதுதான் அவருக்கு ருசியா இருக்கு. அப்படித்தானே?"

குழாயை மூடினேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, நானே செக்கராக இருக்கிறேன், அவர் சாப்பிட்டால் போதும் என்றாள்.

மறுநாளிலிருந்து ஆறு பத்துக்கு அவள் செருப்பைத் தரையில் அடித்து அடித்து நடந்து வருவாள். அவர் கடைசி வாயை அவசரமாக விழுங்கி, கப்பைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்து அப்பாவி முகம் வைப்பார். அவள் மூக்கை உறிஞ்சி, என்ன வாசனை என்பாள். நான் எதிர்வீட்டில் ஏதோ செய்கிறார்கள் என்பேன். அவள் போனபிறகு அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவள் தாழ்வாரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படியே போயிருந்தால் நல்லது. ஆனால் மனிதர் இளகிப்போனார். ஒருநாள் அவள் மூக்கை உறிஞ்சியபோது செய்தித்தாளைத் தானே விலக்கினார். கப்பில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தார். ஸ்பூனை அவள் பக்கம் நீட்டினார்.

"நீயும் ஒரு வாய் சாப்பிடும்மா. சின்ன வயசுல இருந்து எல்லாத்துக்கும் உனக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன்."

அவள் சாப்பிட்டாள். பிறகு அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன், துடைத்த அடுப்பைத்தான்.

அழகான காலை. அதன் விலை அடுத்த நாள் தெரிந்தது. கப்பை வைத்தேன். எதிரே மகள், பக்கத்தில் மருமகன், மூன்று பேருக்கும் ரகசியம் தெரியும். கதவைப் பார்த்தார். அங்கிருந்து வர ஆளில்லை. இரண்டு ஸ்பூன் எடுத்துவிட்டு, இரண்டு விரலால் கப்பைத் தள்ளினார். பசிக்கலையாம். அடுத்த நாள் ஒரு ஸ்பூன். மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு எழுந்தவர், நாற்காலியோடு சாய்ந்தார். நல்லவேளை, நான் முழங்காலை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை மனைவியும் நானும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஆலோசனை நடத்தினோம். எங்கள் வீட்டில் முக்கிய முடிவுகள் எல்லாம் இப்போது அங்கேதான். யாராவது ஒருவர் செக்கராக ஆகியே தீர வேண்டும். அவளால் இனி முடியாது, அப்பா கையால் வாங்கிச் சாப்பிட்டாயிற்று. வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். பூனைகூட வளர்க்கவில்லை.

மறுநாள் அவள் அப்பாவிடம் தனியாகச் சொன்னாள். உங்கள் மாப்பிள்ளை திருந்திவிட்டாராம், டாக்டரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறாராம், இனி இவருக்குத் தெரியாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பருந்துக்கு உடனே உயிர் வந்துவிட்டது என்று சொன்னாள். அதை நானும் பார்த்தேன். என்னைக் கண்டதும், கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. என்ன வேண்டுமென்றாலும் மகளிடம் சொல்லிவிடுகிறார்.

மகள் செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்; இப்போதும் ஐந்தரைக்கு எழுந்து செய்வது நான்தான். பேரீச்சம்பழத்தை அரைத்து, கோகோ கலந்து, பாதாம் தூவி, கண்ணாடிக் கப்பில் ஊற்றி வைத்துவிட்டுத் திரும்ப வந்து படுத்துக்கொள்கிறேன், தூங்குவதுபோல நடிக்க. ஆறு மணிக்கு அவர்கள் இருவரும் சமையலறையில் கூடுகிறார்கள். நான் தாழ்வாரத்தில் வெறுங்காலோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் செருப்பை அடித்து வந்ததுபோல, இருமிக்கொண்டே உள்ளே போகிற செக்கர் இப்போது நான்தான்.

"ஆளு நல்லவன்தான்மா. ஆனா பயந்தாங்கொள்ளி. பாவம், அவனுக்கு இந்த ருசி குடுத்து வைக்கல" என்கிறார் உள்ளே. மகள் சிரிப்பை அடக்குகிறாளா, மற்றதை அடக்குகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

தொண்டையில் நிஜமாகவே ஒரு இருமல் ஏறி நிற்கிறது. விடக்கூடாது. ஸ்பூன் இன்னும் நடுக்கப்பில்தான் ஓடுகிறது. அது அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டபிறகுதான் நான் இரும வேண்டும். இப்போதே இருமினால் பாதி மிச்சமாகிவிடும்.