சாமி போனது எப்போது

குல்லு மலையில் எங்கள் ஊர்ச் சாமியாடி என் அப்பா தீலே ராம். அன்று காலை பத்து மணிக்குக் கோயில் முற்றத்தில் அவர் மேல் சாமி வந்தது; மதியம்தான் போனது. பிறகு தேவதாரு மரத்தடியில் உட்கார்ந்தவர் டீ தம்ளரை நழுவவிட்டார். வலக்கை தொங்கியது, வாய் கோணியது. நானும் மேளமடிக்கும் டீக்கம் சித்தப்பாவும் அவரை ஜீப்பில் ஏற்றி, பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி மூன்று.

முன்பெல்லாம் பக்கவாதம் என்றால் சிம்லாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இந்த வருஷம் தலையைப் படமெடுக்கும் மெஷின் வந்திருந்தது. படத்தைப் போனில் பார்த்த சிம்லா டாக்டர், ரத்தக் கசிவு இல்லை என்றார். அடைப்பைக் கரைக்கும் ஊசியோடு நர்ஸ் பிமலா நின்றார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்? நாலரை மணி நேரம் தாண்டிட்டா போடக்கூடாது. மூளையில ரத்தம் கசிஞ்சிடும்."

"மத்தியானம் வரைக்கும்," என்றேன்.

"எங்கடா நல்லா இருந்தாரு?" என்றார் சித்தப்பா. "சாமி பேசறப்பவே குழறிச்சே."

"சாமி எப்பவும் குழறித்தானே பேசும்?"

"இன்னிக்கு ரொம்ப. மழை வரும்னுச்சா, வராதுன்னுச்சா? நீ சொல்லு பாப்போம்."



"இருங்க, குழறினது யாரு?" என்று போனிலேயே குறுக்கிட்டார் டாக்டர்.

"சாமி."

"நோயாளி பேசலையா?"

"அவரு வாயாலதான்."

டாக்டர் மணியைக் கணக்குப் போட்டார். பிறகு, "அப்ப பத்து மணிக்கு மேல நல்லா இருந்தார்னு சொல்ல முடியாது. ஊசி வேண்டாம்."

பிமலா ஊசியைத் தட்டில் வைத்தார். சாமி எங்கே முடிந்தது, நோய் எங்கே தொடங்கியது? அப்பா என்னையே பார்த்தார்.

அப்போதுதான் பால் வண்டியில் அம்மா வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "சாமி போனப்புறம் அவரு தலைமுடிய யாருடா கட்டினது?" என்றாள்.

சாமி வந்தால் தொப்பி விழும், முடி அவிழும். போனபின் அப்பாவேதான் கட்டிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

"ரெண்டு கையாலயும் முடிஞ்சு, தொப்பியில பூ சொருகினாரு. 'டீ எங்கடி, பாலுக்கு மாட்டத் தேடிப் போயிருக்கியா'ன்னு பளிச்சுனு திட்டினாரு. அப்பத்தான் ஸ்கூல்ல ஒரு மணி சாப்பாட்டு பெல் அடிச்சுது."

"போடுங்க, பிமலா," என்றார் டாக்டர்.

இருட்டும் நேரத்தில் அப்பாவின் வலக்கை விரல்கள் அசைந்தன. ஏதோ முனகினார். சித்தப்பா சட்டென்று கைகூப்பி, "உத்தரவு, சாமி," என்றார்.

அம்மா குனிந்து காது கொடுத்தாள்.

"சாமியுமில்ல ஒண்ணுமில்ல. பீடி கேக்கறாரு."