தேதிப் பெட்டி

கமா தான் செய்த பக்கத்தின் இணைப்பைக் காலையிலேயே அனுப்பிவிட்டாள். "அண்ணே, முதலாளி பாக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

விட்டுப்போன ஒரு கமாவை இரண்டு நாள் தேடியவள் என்பதால் அந்தப் பெயர். வைத்தவன் நான். ஆறு வருஷமாகப் பக்கத்து நாற்காலி. இணையதளங்களை வரிவரியாகக் கையால் எழுதுவதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. போன வருஷம் இணையதளம் கட்டித் தரும் புதுத் தளம் ஒன்று வந்தது. பெட்டிகளை இழுத்து வைத்தால் போதும், எழுத்து வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பொம்மைக் கடை என்று நான் சிரித்தேன். அவள் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டாள். இப்போது முதலாளி ஓர் ஆஸ்பத்திரியின் முன்பதிவுப் பக்கத்தை இருவரிடமும் கொடுத்திருந்தார். நான் பழைய வழியில், அவள் புது வழியில். எது தேறுகிறதோ அதைச் செய்த ஆள் மட்டும் வேலையில் இருக்கலாம்.

எனக்கு நாலு நாள் ஆனது. அவளுக்கு அரை நாள்.

எந்தப் பக்கத்தைச் சோதித்தாலும் முதலில் மவுஸைக் கழற்றிவிடுவேன். அப்பாவின் வலக்கையில் மூன்று விரல்களை பிரஸ் மெஷின் தின்றுவிட்டது. மவுஸ் பிடிக்க வராது. மிச்சமிருக்கும் விரலால் கீபோர்டில் டேப் விசையைத் தட்டித் தட்டித்தான் அடுத்த பெட்டிக்குப் போவார். கமாவின் பக்கத்தில் தட்டினேன். பெயர், வயது, பிறகு நேராகப் போன் நம்பர். நடுவிலிருந்த தேதிப் பெட்டியில் நிற்கவே இல்லை. கை சரியில்லாதவன் அங்கே நாள் குறிக்கவே முடியாது.

"நல்லா இருக்கு" என்று பதில் அனுப்பினேன்.

மூன்று மணிக்கு முதலாளியின் அறையில், அவள் காட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மவுஸை ஒதுக்கிவிட்டுத் தட்டிக் காட்டினேன். அப்பாவின் கையைப் பற்றியும் சொன்னேன். குரல் தழுதழுத்தது, பாதி நிஜம். மூட்டை தூக்குகிறவர்கள் நடுவே வளர்ந்தவன் நான். கூடத் தூக்குகிறவனிடம் சொல்லாமல் கையை விடுவது என்னவென்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முக்கியமான விஷயம்தான் என்றார் முதலாளி. பிறகு அவளிடம், சரிபண்ண எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னாள். அவ்வளவுதான். மாசக் கடைசிவரை இருந்துவிட்டுப் போகும்படி என்னிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் கமா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "காலையில கேட்டேன்லண்ணே."

"கவனிக்கல கமா."

"நீங்களா கவனிக்கல?"

அவள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அந்தப் பெட்டி ஏன் தாண்டிப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் புதுத் தளத்தில் எங்கே போய் மாற்றுவது என்று தெரியாது. அவளுக்கு இடம் தெரியும், காரணம் தெரியாது. சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிஷ வேலை. கேட்டால் சொல்லலாம் என்று பின்னாலேயே நின்றேன். அவள் திரும்பவில்லை. ஒற்றை விரலால் தட்டினாள். பெயர், வயது, போன் நம்பர். அழித்தாள், எதையோ மாற்றினாள், மறுபடியும் தட்டினாள். பெயர், வயது, போன் நம்பர்.