மேசைமேல் படுத்தவன்

...தொடையிலா, முழங்காலுக்குக் கீழேயா, நர்ஸம்மா எங்கே கட்டினாள், அதுகூடத் தெரியாதே உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு சட்டையைக் கிழித்தான், மரம் அறுக்கிற மெஷின் துள்ளி அக்கா புருஷனின் தொடையை அறுத்துவிட்டது, எவ்வளவு அழுத்தியும் விரல் சந்தெல்லாம் ரத்தம் குபுகுபுவென்று வழிகிறது, இந்தச் சரிவுக்கு ஜீப் ஏறாது, ஜீப்காரர் போனில் சிக்னல் தேடி மலையிறங்கியிருக்கிறார், எப்போது வருவாரோ... கம்பெனியில் நர்ஸம்மா முதலுதவி சொல்லிக்கொடுத்த அன்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், அடிபட்டவனாக நடிக்க ஆள் வேண்டும் என்றதும் கால் கடுக்க நிற்க வேண்டாமே என்று முதல் ஆளாகப் போய் மேசைமேல் படுத்த மகராசன் இவன், பொணமா நடிக்க இவனை விட்டா ஆள் ஏது என்று மச்சான்கூடச் சிரித்தாரே, இவன் பார்த்ததெல்லாம் சுற்றுகிற ஃபேனைத்தான்.

சரி, கண் பார்க்கவில்லை, கால் மறக்குமா? எங்கே வலித்தது... காயம் என்று சிவப்பு மை தடவிய இடத்துக்கு மேலே, இடுப்புப் பக்கம், ஆமாம், துணி இரண்டு சுற்று, அதில் ஏதோ கட்டையாக உறுத்தியது, திருகத் திருக இறுகியது, திருப்புளி இருக்கிறதே, முடிச்சில் செருகு, திருகு, இன்னும் ஒரு சுற்று... "போதும்டா, உயிர் போகுது" என்கிறார் மச்சான், அன்று இவனும் இதே இடத்தில்தான் போதும் என்று கத்தினான், நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டாள், ஆனால் இங்கே ரத்தம் நிற்கவில்லையே, அப்படியானால் நிஜக் கட்டு இதற்கு அப்புறம்தானா? அந்த அப்புறத்தை இவனுக்கு யாரும் கட்டிக் காட்டவில்லையே.

திருகினான். மச்சான் இவன் தோளைக் குத்தினார், கெட்ட வார்த்தையில் திட்டினார், விடுடா விடுடா என்று கெஞ்சினார், இவனும் அழுதுகொண்டே திருகினான், அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன், மன்னிச்சுக்குங்க மச்சான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ரத்தம் குறைந்தது, சொட்டியது, நின்றேவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் மச்சானின் சத்தமும் இல்லை என்று உறைத்தது. எது முதலில் நின்றது, ரத்தமா, குரலா? கவனிக்கவில்லையே பாவி... நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கலாம், திருப்புளியை விட்டால் கட்டு சுழன்று அவிழ்ந்துவிடும், பிடித்துக்கொண்டு குனிந்தால் எட்டவில்லை. இவ்வளவு நேரமும் எந்த வார்த்தைக்குப் பயந்தானோ அதற்காகவே இப்போது காது ஏங்கியது.

"போதும்னு ஒரு தடவை சொல்லுங்க மச்சான்."